மலைப் பாட்டில் ஏன் இத்தனை பரலோகம்?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பாட்டுகளைச் சில மாதங்களாகக் கேட்டு வரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "நிலக்கரிச் சுரங்கத்தில் வதைபட்ட ஏழைகளின் பாட்டு என்கிறார்கள். ஆனால் எதைப் போட்டாலும் பரலோகம், சாவு, ஆற்றுக்கு அக்கரை, இறந்துபோன அம்மா. பசி எங்கே, கோபம் எங்கே? மதம் அந்த மக்களின் வாயைக் கட்டிவிட்டதா?"

நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மக்களின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறியது. பசியையும் கோபத்தையும் அவர்கள் பாடத்தான் செய்தார்கள். பரலோகத்தைப் பாடிய அதே குரலில், பல நேரம் அதே மெட்டில் பாடினார்கள். இது புரிய வேண்டுமென்றால் ஒரு சின்னக் கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஊரில் எது யாருக்குச் சொந்தம்?

முதலில் இடம். கிழக்கு கென்டக்கி, தென்மேற்கு வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதி, கிழக்கு டென்னசி. ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும் மலைகள், நடுவே ஓடை, ஓடைக்கரையில் ஒடுங்கிய சமநிலம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி வழிவந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். சோளம் விதைத்து, பன்றி வளர்த்து, வேட்டையாடிப் பிழைத்தார்கள். பணம் அதிகம் புழங்காத வாழ்க்கை. ஆனால் நிலம் குடியேறியவர்களுடையது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நில ஏஜென்ட்டுகள் குதிரையில் வந்தார்கள். மேலே இருக்கும் மண் உங்களுக்கே, அடியில் இருப்பதை மட்டும் எங்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஏக்கருக்கு 50 சென்ட் அளவுக்குக்கூடப் பத்திரங்கள் எழுதப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத பலர் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டார்கள். அடியில் இருப்பதை எடுக்க மேலே இருக்கும் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று பிற்காலத்தில் அந்தப் பத்திரங்களுக்குப் பொருள் சொல்லப்பட்டது. நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் மேற்பரப்பைத் தோண்டக் கூடாது என்று கென்டக்கி மாநிலம் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியது 1988-இல்தான். அதற்குள் மூன்று, நான்கு தலைமுறை கடந்துவிட்டது.

ரயில் வந்தது, சுரங்கம் வந்தது, சுரங்கத்தைச் சுற்றிக் கம்பெனி ஊர் வந்தது. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, டாக்டரும் கம்பெனி ஆள். பல இடங்களில் கூலியைக் காசாகக் கொடுக்காமல் கம்பெனி அச்சடித்த டோக்கனாகக் கொடுத்தார்கள். அது கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். வேலைநிறுத்தம் என்றால் வேலையோடு வீடும் போகும். பாத்திரம் பண்டம், கைக்குழந்தை எல்லாவற்றோடும் ஓடைக்கரையில் கூடாரம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கோயில்? அதையும் கம்பெனி கட்டிக் கொடுத்தது. பல சுரங்க ஊர்களில் பிரசங்கியின் சம்பளத்தைக் கூலியில் பிடித்துக் கொடுத்ததும் கம்பெனிதான். அந்தப் பிரசங்கி ஞாயிற்றுக்கிழமை மேடையேறி எதைப் பேசுவார், எதைப் பேசமாட்டார் என்று விளக்க வேண்டியதில்லை. உங்கள் சந்தேகம் இந்தச் சபைகளைப் பொறுத்தவரை நியாயமானதே.

ஆனால் மலையில் வேறு சபைகளும் இருந்தன, அவை கம்பெனிக்கு வெகு காலம் முந்தியவை. பழைய ரெகுலர் பாப்டிஸ்ட், பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்று அவர்களுக்குப் பெயர். இவர்களுடைய மூப்பர்களுக்கு, அதாவது சபையில் பிரசங்கிப்பவர்களுக்கு, சம்பளம் கிடையாது. பிரசங்கிக்கக் கூலி வாங்குவதே தவறு என்பது அவர்கள் கொள்கை. வேதாகமக் கல்லூரிப் படிப்பும் கிடையாது. திங்கள் முதல் சனி வரை மற்றவர்களோடு சுரங்கத்துக்குள் குனிந்து கரி வெட்டிய ஆள்தான் ஞாயிறு எழுந்து நின்று பேசினார். பேச்சு சூடேறச் சூடேற அது ஒரு ராகமாக மாறும், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு விம்மல் கேட்கும். அவரை வேலையிலிருந்து நீக்கலாம், மேடையிலிருந்து நீக்க யாராலும் முடியாது. பரலோகம் பற்றிய பாட்டுகளில் மிக ஆழமானவை இந்தச் சபைகளில் இருந்து வந்தவை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

இவர்கள் பாடும் முறைக்கு வரி கொடுத்துப் பாடுவது என்று பொருள் சொல்லலாம். முன்னே நிற்கும் ஒருவர் ஞானப்பாட்டின் ஒரு வரியை வேகமாக, மந்திரம் சொல்வதுபோல இழுத்துச் சொல்வார். அவர் முடிக்கும் முன்பே சபை அந்த வரியை எடுத்துக்கொண்டு மிக மிக மெதுவாகப் பாடும். தாளம் போட முடியாது. இசைக்கருவி ஒன்றுகூடக் கிடையாது. மேற்கத்தியக் கோயில்களில் கேட்கும் நான்கு குரல் இணைப்பும் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தன் தொண்டைக்கு ஏற்ப வளைத்து, நெளித்து, ஒரு கணம் முன்னேயும் பின்னேயும் பாடுகிறார்கள். கமகம் கேட்டு வளர்ந்த காது இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நூறு பேர் அப்படிப் பாடும்போது அது ஒரு கூட்டம் பாடுவதாகவே தோன்றாது, மலையோரம் காற்று திரும்புவதுபோல இருக்கும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதிலேயே வறுமையின் கதை இருக்கிறது. 1640-களில் இங்கிலாந்தின் பியூரிட்டன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தலைவர்கள் வழிபாட்டு ஒழுங்கு எழுதியபோது, சபையில் பலருக்குப் படிக்கத் தெரியாததால் ஒருவர் வரி வரியாகச் சொல்லலாம், மற்றவர்கள் திருப்பிப் பாடலாம் என்று அனுமதித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. அது கடல் தாண்டி அமெரிக்கா போனது. 18-ஆம் நூற்றாண்டில் நகரத்துப் படித்த பாதிரிமார்கள் இது அலங்கோலம் என்று சொல்லி, இசைக்குறிப்பு பார்த்து ஒழுங்காகப் பாடுங்கள் என்று பள்ளி நடத்தி அதை ஒழித்தார்கள். நகரத்தில் ஒழிந்தது. மலையில் நின்றது. தெற்கே கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளிலும் நின்றது. அங்கே இன்றும் இப்பாட்டுகளை 'டாக்டர் வாட்ஸ்' என்றே சொல்வார்கள், 1748-இல் இறந்த ஐசக் வாட்ஸ் என்ற ஆங்கிலேய ஞானப்பாட்டு ஆசிரியரின் பெயரால். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கேலிக் மொழியில் வேதாகமத்தின் சங்கீதங்களைப் பாடும் சபைகளிலும் நின்றது. மூன்றும் ஏழைகள் வாழ்ந்த, வெளியுலகம் அதிகம் எட்டிப் பார்க்காத இடங்கள்.

இப்போது அந்தச் சின்னக் கேள்விக்கு வாருங்கள். இப்படிப் பாடுவதற்கு என்ன வேண்டும்? ஆர்கன் வேண்டாம், இசைக்குறிப்பு வேண்டாம், எல்லோர் கையிலும் புத்தகம் வேண்டாம். பாட்டுப் புத்தகம் என்று ஒன்று இருந்தாலும் அது சட்டைப்பையில் அடங்கும் சொற்கள் மட்டுமே உள்ள புத்தகம், மெட்டு மனதில்தான் இருந்தது. வீடு, கடை, டாக்டர், கோயில் கட்டடம் வரை சொந்தம் கொண்டாடிய கம்பெனி சொந்தம் கொண்டாட முடியாமல் போன ஒரே பொருள் இந்தப் பாட்டு. பரலோகத்தைப் பாடினார்கள் என்றால், வாடகை கேட்டு யாரும் வெளியே தள்ள முடியாத ஒரு வீட்டைப் பாடினார்கள். கம்பெனி வீட்டிலிருந்து சாமான்களோடு வெளியே எறியப்பட்ட ஒருத்திக்கு அந்த வீடு எவ்வளவு உண்மையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாவு பற்றி இத்தனை பாட்டு ஏன் என்பதற்கும் மலையின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. பனிக்காலத்தில் ஒருவர் இறந்தால் அன்றோ மறுநாளோ புதைத்துவிடுவார்கள். ஆனால் சுற்றிவரும் மூப்பர் அந்த ஓடைப் பள்ளத்துக்கு வந்து சேரப் பாதை காய வேண்டும். ஆக, இறுதிப் பிரசங்கம் மாதங்கள் கழித்து, சில நேரம் ஒரு வருடம் கழித்துக் கோடையில்தான் நடக்கும். அதற்குள் அந்தக் குடும்பத்தில் இன்னொரு சாவும் விழுந்திருக்கலாம், மனைவியை இழந்தவர் மறுமணம்கூட முடித்திருக்கலாம். சொந்தபந்தம் முழுக்க மலைமுகட்டில் இருக்கும் குடும்பக் கல்லறைக்கு ஏறிப்போய் உட்கார்ந்து, பாடி, அழுது, சேர்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்குவார்கள். கல்லறை முகட்டில் இருப்பதற்கும் காரணம் உண்டு. கீழே இருக்கும் கொஞ்சம் சமநிலம் சோளத்துக்கு வேண்டும். பாதை வசதி வந்த பிறகும் பழைய ரெகுலர் பாப்டிஸ்ட் குடும்பங்கள் வருடந்தோறும் இந்த நினைவுக் கூட்டத்தை நடத்தி வருகின்றன. நகரத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் அதற்காகவே ஊர் திரும்புவார்கள்.

ஒருவர் சாவுக்கு மட்டும் பாடும் பாட்டாக இது இல்லாமல் போனதும் அதனால்தான். புதைத்து ஒரு வருடம் ஆன அப்பாவுக்கும், போன வாரம் சுரங்கக் கூரை இடிந்து செத்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஒரே பாட்டு.

கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தச் சபைகள் கோயிலுக்குள் கருவியைச் சேர்க்கவில்லை, பாஞ்சோ என்ற தந்திக் கருவியும் பிடிலும் ஆட்டத்துக்கும் குடிக்கும் இழுத்துச் செல்லும் என்று பலர் பயந்தார்கள். ஞானஸ்நானம் எடுத்ததும் பாஞ்சோவை மாட்டி வைத்துவிட்டவர்கள் பலர். பாஞ்சோவின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அடிமைகளாக வந்தவர்கள் சுரைக்குடுவையில் தோல் கட்டிச் செய்த கருவியின் வாரிசு அது. ஸ்காட்லாந்து வழிவந்த பிடில் மெட்டுகளோடு அது சேர்ந்ததில் பிறந்ததுதான் மலை இசை. வெள்ளையர் இசை என்று அதை விற்றார்கள், இன்றும் பலர் அப்படியே நம்புகிறார்கள்.

கோயில் குரலும் பாஞ்சோவும் ஒரே மனிதருக்குள் மோதிக்கொள்வதைக் கேட்க வேண்டுமென்றால் ராஸ்கோ ஹோல்கம் பாடுவதைக் கேளுங்கள். கென்டக்கியின் ஹசார்ட் நகருக்கு அருகே டெய்சி என்ற சிற்றூர்க்காரர், 1912-இல் பிறந்தவர். சுரங்கம், மர அறுவை மில், கட்டட வேலை என்று உடம்பு ஒடிய உழைத்தவர். 1959-இல் நியூயார்க்கிலிருந்து ஜான் கோஹன் என்ற இசைக்கலைஞர் ஒரு டேப் ரெக்கார்டரோடு அந்தப் பக்கம் வந்தார். 1930-களின் பஞ்சகாலப் பாட்டுகளை விரும்பிப் பாடியவர் அவர். பஞ்சம் இன்னும் முடியாத ஊரைப் பார்க்க வந்தார். நிலக்கரி வெட்ட இயந்திரங்கள் வந்து ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்த நேரம் அது. ஹோல்கம் தன் வீட்டுத் திண்ணையில் கிதாரை எடுத்துப் பாடியதைக் கேட்டு கோஹன் ஆடிப்போனார். உச்சத்தில் இறுகி நிற்கும் குரல். பழைய பாப்டிஸ்ட் சபையின் இழுப்பு அப்படியே இருக்கும், அதற்குக் கீழே பாஞ்சோ குதிரை ஓட்டம் ஓடும். 1981-இல் இறக்கும்போது அவருடைய நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. அத்தனை வருடங்கள் அந்தக் குரலைச் சுமந்த நுரையீரல்.

கார்ட்டர் குடும்பத்தைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1927 கோடையில் ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஆள், டென்னசி-வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் நகரில் ஒரு காலிக் கட்டடத்தில் ஒலிப்பதிவு இயந்திரத்தை வைத்து, பாட்டுக்கு 50 டாலர் என்று அறிவித்தார். ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் மூவரும் புவர் வேலி என்ற இடத்திலிருந்து மோசமான சாலையில் வந்து ஆறு பாட்டுப் பாடினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பெயருக்கே 'ஏழைப் பள்ளத்தாக்கு' என்றுதான் அர்த்தம். மேபெல் அப்போது கர்ப்பிணி. அமெரிக்க நாட்டுப்புற இசை வியாபாரம் அங்கேதான் பெரிதாக எழுந்தது என்பார்கள்.

அதில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு பெயரை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: லெஸ்லி ரிடில். கறுப்பின கிதார் கலைஞர், சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி வீடு வீடாக மலையேறியபோது கூடவே போனவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார், ரிடில் ஒருமுறை கேட்ட மெட்டை மனதில் வைத்துக்கொண்டு திரும்ப வந்து வாசித்துக் காட்டுவார். கறுப்பினச் சபைகளின் ஞானப்பாட்டுகள் கார்ட்டர் குடும்பத்தின் பாட்டுக்குள் வந்த வழிகளில் ஒன்று அவர். மேபெலும் அவரிடம் கிதார் வாசிக்கும் விதம் கற்றிருக்கிறார். இசைத்தட்டுகளின் மேல் அவர் பெயர் வரவில்லை. அதே மலையில், மேற்கு வர்ஜீனியாவின் ஸ்லாப் ஃபோர்க் என்ற சுரங்க ஊரில் 1938-இல் பிறந்தவர்தான் கறுப்பினப் பாடகர் பில் விதர்ஸ். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கச் சொல்லும் அவருடைய 1972-ஆம் வருடப் பாட்டு உலகம் முழுக்கத் தெரியும். அந்த ஊர் மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கியதை நினைத்து எழுதியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதன் பியானோவில் கோயில் கேட்காமல் இருக்காது.

சரி, கோபம் எங்கே என்று கேட்டீர்கள்.

1931. கென்டக்கியின் ஹார்லன் மாவட்டம். கூலி வெட்டு, பட்டினி, வேலைநிறுத்தம். மே 5-ஆம் தேதி எவார்ட்ஸ் என்ற ஊரில் துப்பாக்கிச் சண்டை நடந்து உயிர்கள் போயின. மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃபின் பேர் சொல்லிக்கொண்டு வந்த ஆட்களில் பலர் கம்பெனிக் கூலி வாங்கியவர்கள். தொழிற்சங்க அமைப்பாளர் சாம் ரீஸைத் தேடி அவர்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். அவர் இல்லை. மனைவி ஃபிளாரன்ஸும் பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு வெளியே காத்திருந்தார்கள். ஃபிளாரன்ஸின் அப்பாவும் சுரங்கத்தில் செத்தவர். எழுதத் தாள் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டர் தாளைக் கிழித்து அதில் எழுதினார். நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் பாட்டு. இந்த ஊரில் நடுவில் நிற்பவன் எவனும் இல்லை, தொழிலாளி பக்கம் அல்லது கருங்காலி பக்கம் என்றது.

அந்தப் பாட்டுக்கு மெட்டு எது தெரியுமா? ஒரு பழைய பாப்டிஸ்ட் ஞானப்பாட்டின் மெட்டு என்பார்கள். அந்த நேரத்தில் ஃபிளாரன்ஸ் மனதில் வேறு எந்த மெட்டு ஓடியிருக்கும்? ஊர் முழுக்கத் தெரிந்த மெட்டு அதுதான். கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, சொல்லை மட்டும் மாற்றினால் மறுநாளே ஆயிரம் பேர் பாடலாம். இன்னொன்றும் உண்டு. மனந்திரும்பு, இன்றே முடிவெடு, நல்லவர்களான செம்மறியாட்டுப் பக்கமா, கெட்டவர்களான வெள்ளாட்டுப் பக்கமா என்று சபையில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வியைத்தான் அவர் வேலைநிறுத்தத்துக்குள் கொண்டுவந்தார்.

அதே வருடம் நவம்பரில் நாவலாசிரியர் தியோடர் டிரைசர் தலைமையில் ஒரு குழு நிலைமையை விசாரிக்க வந்தது. அதன் முன் வந்து சாட்சி சொன்னவர்களில் ஆன்ட் மாலி ஜாக்சன் என்ற மருத்துவச்சியும் ஒருவர். மலை முழுக்க நூற்றுக்கணக்கான பிரசவம் பார்த்தவர். பால் இல்லாமல் குழந்தைகள் சாவதைச் சொன்னார், பிறகு தான் கட்டிய பாட்டைப் பாடினார். அவருடைய அப்பாவின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த தங்கை சாரா ஓகன் கன்னிங் இன்னும் கடுமையானவர். கணவரைக் காசநோய்க்கும் குழந்தையைப் பசிக்கும் கொடுத்தவர். முதலாளித்துவத்தை வெறுக்கிறேன் என்று நேரடியாகவே பாடினார். அவருடைய பதிவுகளைக் கேட்டால் துணைக்கருவி எதுவும் இல்லாமல், கோயிலில் பாடுவதுபோலவே பாடுவது தெரியும். முதலாளியைத் திட்டும் பாட்டுக்கும் ஞானப்பாட்டுக்கும் அவர் குரலில் வித்தியாசமே இல்லை. எனக்கு இந்த மலைப் பாடகர்களில் யாரையாவது ஒருவரை மட்டும் வைத்துக்கொள் என்றால் அவரைத்தான் வைத்துக்கொள்வேன்.

அந்தப் போராட்டத்திலேயே உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்றும் இருக்கிறது. பழைய சங்கம் கைவிட்ட பிறகு கம்யூனிஸ்டுகள் நடத்திய ஒரு சங்கம் ஹார்லனுக்கு வந்து கஞ்சித்தொட்டி திறந்தது. பட்டினி கிடந்தவர்கள் சேர்ந்தார்கள். உள்ளூர்த் தலைவர்களில் பலர் சுரங்கத்தில் வேலை செய்த பிரசங்கிகள். 1932 தொடக்கத்தில் கட்சி கடவுளையே மறுக்கிறது என்று தெரிய வந்தபோது அவர்களில் சிலர் வெளிப்படையாக விலகினார்கள், பின்னாலேயே தொழிலாளர்களும் விலகினார்கள். இதைப் பார்த்து மதம் போராட்டத்தைக் கெடுத்தது என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அடியாட்களுக்கும் பட்டினிக்கும் பயப்படாமல் நின்றவர்களைத் தாங்கியதே அந்த விசுவாசம்தான். அதை விட்டுவிட்டு வா என்றால் எதன்மேல் நிற்பது?

டென்னசியில் 1932-இல் தொடங்கிய ஹைலேண்டர் பள்ளிக்கு இது புரிந்திருந்தது. அங்கே தொழிலாளர் கூட்டங்களில் ஞானப்பாட்டுகளையே எடுத்துச் சொல் மாற்றிப் பாடினார்கள். தென் கரோலினாவின் புகையிலை ஆலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் 1946-இல் அங்கே கொண்டுவந்த ஒரு கோயில் பாட்டு, நாங்கள் வெல்வோம் என்று உருமாறி உலகம் சுற்றியது. நம் பள்ளிகளில் இந்தியில் பாடும் 'ஹம் ஹோங்கே காம்யாப்' அதன் வழிவந்ததுதான்.

பாம்பைக் கையில் பிடித்து வழிபடும் சபைகளைப் பற்றியும் பார்த்திருப்பீர்கள். மலைக்கு வரும் கேமராக்கள் முதலில் தேடுவது அதைத்தான். மிகச் சிறிய கூட்டம் அது. அதற்காக மொத்த ஹோலினஸ், பெந்தெகொஸ்தே சபைகளையும் வேடிக்கைப் பொருளாக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தச் சபைகள் கிதாரையும் டாம்பரினையும் உள்ளே சேர்த்தவை. வர்ஜீனியாவின் லீ மாவட்டத்தில் பிறந்த கிளாட் எலி 12 வயதில் காசநோயோடு படுத்திருந்தபோது, எந்தக் கல்லறையும் தன்னைப் பிடித்து வைக்க முடியாது என்ற பாட்டைக் கட்டினார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. பிழைத்தார், சுரங்கத்தில் வேலை பார்த்தார், பிரசங்கியானார். 1953-இல் கென்டக்கியின் வைட்ஸ்பர்க் கோர்ட்டுக் கட்டடத்தில் அவர் நடத்திய கூட்டத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். கைத்தட்டலில் கூரை அதிர்வது கேட்கும். இன்றைய ராக் இசைக்கு வேர் எங்கே என்று கேட்பவர்கள் அதை ஒருமுறை கேட்கலாம்.

அப்புறம் மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். 1940-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 30 லட்சம் பேர் மலையை விட்டு சின்சினாட்டி, டெட்ராய்ட், பால்டிமோர் என்று ஆலை வேலைக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் ஹேஸல் டிக்கன்ஸ். மேற்கு வர்ஜீனியாவில் 11 பிள்ளைகளில் ஒருவர். அப்பா பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் பிரசங்கி, பாஞ்சோ வாசிப்பவர், சுரங்கத்துக்கு மரம் ஏற்றியவர். சகோதரர்கள் சுரங்கத்தில். அண்ணன் தர்மன் கரித்தூள் நுரையீரலை அடைத்துக் கல்லாக்கும் நோயில் இறந்தார். கையில் காசில்லாத சாவு. அந்த நோயையே பெயர் சொல்லி அழைத்துப் பேசும் ஒரு பாட்டை ஹேஸல் எழுதினார். சாவை நேருக்கு நேர் நிறுத்தி வாதாடும் பழைய மலைப் பாட்டுகளின் அமைப்பு அதில் அப்படியே இருக்கிறது. பழைய பாட்டில் சாவு எங்கிருந்தோ வரும். ஹேஸலின் பாட்டில் அதற்கு ஒரு முதலாளி இருக்கிறான்.

1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அந்த மாநிலத்தில் சுமார் 40,000 தொழிலாளர்கள் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அந்த வருடக் கடைசியில் நாடு முழுவதற்குமான சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் ஹார்லனில் மறுபடி நீண்ட வேலைநிறுத்தம். அதைப் படமாக்கிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது, ஹேஸலின் குரலை அதில் கேட்கலாம். அந்தப் படத்தில் ஒரு கூட்டத்தில் வயதான ஒரு அம்மா எழுந்து நடுங்கும் குரலில் பாடுவார். காலண்டர் தாளில் எழுதிய ஃபிளாரன்ஸ் ரீஸ்தான் அவர். நாற்பது வருடம் கழித்து அதே மாவட்டம், அதே மெட்டு.

வறுமை முடிந்த கதையாக இதைச் சொல்ல முடியவில்லை. 2022 ஜூலை கடைசியில் கிழக்கு கென்டக்கியில் வந்த வெள்ளத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வைட்ஸ்பர்க்கில் 1969 முதல் இந்த மக்களின் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்து வைத்திருக்கும் ஆப்பல்ஷாப் நிலையத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. சேற்றில் ஊறிய டேப்புகளையும் ஃபிலிம் சுருள்களையும் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பல நாட்கள் அந்தச் செய்தியைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கார்ட்டர் குடும்பத்தில் தொடங்காதீர்கள் என்பேன். தென்கிழக்கு கென்டக்கியின் பழைய ரெகுலர் பாப்டிஸ்ட் சபையினர் பாடியதை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1997-இல் வெளியிட்டிருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் பிடிபடாது, மெட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. நிறுத்தாமல் கேளுங்கள். முன்னால் நிற்பவர் வரி கொடுக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றது தானாகத் திறக்கும். அதற்குப் பிறகு ராஸ்கோ ஹோல்கம், பிறகு சாரா ஓகன் கன்னிங், கடைசியாக ஹேஸல். ஹெட்போனில் கேட்டால் சபை பாடும்போது வரிக்கு வரி நடுவே எல்லோரும் ஒன்றாக மூச்சு இழுப்பதும், அந்தக் கூட்டத்தில் யாரோ ஒரு வயதானவர் இருமுவதும்கூடக் கேட்கும்.